அண்ணாந்து பார்த்தவர்

எந்தக் கட்டடத்தையும் அவர் முன்பக்கம் நின்று பார்த்து நான் கண்டதில்லை. எங்கள் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கட்டடங்களின் முகத்தைப் பார்க்க வருகிறார்கள். கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கம், மேரி என்கிற நகராட்சிக் கட்டடம், சுங்க அலுவலகம்; கொஞ்சம் உள்ளே தள்ளி ஆயி மண்டபம்; பிறகு மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நாலு தெரு. தெருவில் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர் வாசலில் நிற்க மாட்டார். நேராக உள்ளே போய், கூடத்தின் நடுவில் நின்று, அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். ஐந்து நிமிடம், சில இடங்களில் கால் மணி நேரம். பிறகு சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுப்பார்.

அது ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. பாதியாக வெட்டி, ஒரு முனையைக் கூராகத் தேய்த்து வைத்திருந்தார். பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பெரிய மார்க்கெட் பக்கம் அவரைக் கம்பிக்காரர் என்றார்கள். வயது ஐம்பது இருக்கும். ஒல்லி. அண்ணாந்து அண்ணாந்து பிடரியில் ஆழமாக இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. எட்ட முடிகிற மரத்தில் கம்பியை வைத்து அழுத்திப் பார்ப்பார். நுழையவில்லை என்றால் "உசுரோட இருக்குது" என்பார். நுழைந்தால் "செத்துப் போச்சு" என்பார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார். ஆனால் உசுரோடு இருக்கும் மரத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்குவதாக எனக்குத் தோன்றும்.

ஒருமுறை ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விழுப்புரம் போக நின்றிருந்தேன். ரயில்வே ஊழியர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"எந்த வண்டிக்கு உக்காந்திருக்கீங்க?"

"வண்டிக்கு இல்லீங்க. கூரைக்கு வந்தேன்."

"கூரை எங்கியும் போவாது. நீங்க கெளம்புங்க."

"எத்தினி வருசம் போவாதுன்னுதான் பாத்துட்டிருந்தேன். இது நம்ம காலத்துக்கு இருக்கும்" என்று எழுந்து போனார், வந்த காரியம் நடக்காதவரைப்போல.

அவரைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. அது என் நோட்டில் இருந்தது. நான் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். எந்தச் சாமான் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்று எழுதுவது வேலை. அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய தெருக்களில் போய், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்த தேதி, நிலை, மாற்றம் என்று எழுதி வந்தேன். இடித்துவிட்டால் கடைசி வரியாக அதையும் எழுதிப் பக்கத்தை மூடுவேன்.

2002 மார்ச்சில் ஒரு பக்கத்தில் 'உள்ளே ஒருவர் அண்ணாந்து நிற்கிறார்' என்று இருக்கிறது. அது ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே ஒரு மாடி வீடு. ஆகஸ்டில் அதே பக்கத்தை மூடினேன். அடுத்த ஆண்டு இன்னொரு வீடு, பிறகு ஒரு கிடங்கு, பிறகு பழைய பள்ளிக்கூடத்தின் பின்கட்டு. எல்லாப் பக்கத்திலும் இடிப்பதற்குச் சில மாதம் முன்னால் அவர் இருந்தார். நான் மரம் அறிந்தவன் இல்லை. தேதி அறிந்தவன். தேதிகள் ஒரே ஆளைக் கைகாட்டின.

ஒருநாள் காலை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில் அவர் அருகே போய் நின்றேன்.

"நீங்க இன்ஜினியரா?"

"இல்ல சார். இடிக்கற வூட்டு மரம் வாங்கி விக்கறேன். உத்தரம், கதவு, ஜன்னல்."

மறைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னது என்னை இன்னும் உஷாராக்கியது.

"இடிக்கப் போறாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படி ஆறு மாசம் முன்னாடியே தெரியுது?"

"நான் பாத்துட்டு, மரம் போச்சுன்னா போச்சுன்னு சொல்றேன். அவங்க இடிக்கறாங்க. டாக்டர் நாடி பாத்ததாலயா சார் ஆளு செத்தான்?"

"டாக்டர் பொணத்த வாங்கி விக்க மாட்டாரே."

டீ மாஸ்டர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு, "உங்ககிட்ட எல்லா வூட்டுக்கும் வருசம் இருக்குதாமே சார்? அந்தத் தெருவுல மூணாவது வூடு எப்ப கட்டினது?" என்று கேட்டார்.

சொன்னேன். வருடத்தைக் கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. எங்கே படித்தேன், எந்தப் பத்திரத்தில் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: வீடு பழசானால் உள்ளே இருப்பது பர்மா தேக்கு, அதற்கு மதிப்பு அதிகம். என் நோட்டை அவர் என் வாயாலேயே படித்துக்கொண்டு போயிருந்தார். அதன் பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டார். அதன் பிறகும் சொன்னேன்.

2005-இல் அவர் எங்கள் சாலுக்கு வந்தார்.

அது கால்வாய்க்கு மேற்கே ஒரு சபைக்குச் சொந்தமான பொதுக்கூடம். பிரான்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் அதை பிரெஞ்சு வார்த்தையில் சால் என்று சொல்லி, தெரு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. நீண்ட கூடம், ஒரு முனையில் மேடை, மேலே பதினோரு தேக்கு உத்தரம். காலையில் தையல் வகுப்பு, மாலையில் பத்திரிகை படிக்க நாங்கள் சிலர், முகூர்த்த நாட்களில் நிச்சயதார்த்தம், வரவேற்பு. சபைத் தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், நேரில் மரியாதையாக முசே என்று கூப்பிடுவார்கள். கூடத்தைப் பார்த்துக்கொண்டது செல்வி. கடலோரக் கிராமத்திலிருந்து வந்தவள். புருஷன் இல்லை. மேடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மகளோடு குடியிருந்தாள். கூட்டுவது, நாற்காலி போடுவது, பூட்டுவது எல்லாம் அவள்தான். சால் இருந்தால் அவளுக்கு வேலையும் இருந்தது, வீடும் இருந்தது.

கம்பிக்காரர் நடுக்கூடத்தில் அண்ணாந்து நின்றதைப் பார்த்ததும் நோட்டைத் திறந்து தேதியை எழுதினேன். அந்த வாரமே தலைவரிடம் போய், மேடையிலிருந்து நாலாவது உத்தரம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். தலைவர் சபைக் கூட்டத்துக்கே அவரை வரச் சொன்னார். செப்டம்பர் மாதம், சனிக்கிழமை மாலை. முப்பது பேர் இருந்தோம்.

"இந்த சால்ல எங்கப்பா கல்யாணம் நடந்துது" என்று ஆரம்பித்தார் தலைவர். "நீ ஒரு கம்பிய வச்சுக் குத்திப்புட்டு செத்துப்போச்சுங்கற."

"நாலாவது உத்தரம் முசே. தெக்குச் சுவத்துக்குள்ள போற எடத்துல. மழைக்கு முன்னாடி எறக்கிடுங்க."

"யாரு எறக்கறது? நீயா?"

"நான் எறக்கினா மரத்த நான் வாங்கிக்குவேன். வேற ஆள வச்சும் எறக்கலாம்."

"பாத்தியா, வாங்கிக்குவேன்னு அவனே சொல்லிட்டான்" என்றாள் வாசலில் நின்ற செல்வி.

எங்கள் ஊரில் மட்டப்பா என்று சொல்லும் பழைய தட்டைக் கூரைகளைத் தாங்குவது இந்த உத்தரங்கள்தான். அவற்றின் இரு முனையும் சுவருக்குள் புதைந்திருக்கும். மரம் கெடுவதென்றால் முதலில் அங்கேதான் கெடும், சுவரின் ஈரத்தில், யார் கண்ணிலும் படாமல். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று நான் தயாராக வந்தது வேறொன்றோடு. சபையின் பழைய கோப்பிலிருந்து ஒரு காகிதத்தின் நகல் வைத்திருந்தேன். எழுந்து படித்தேன். கூடத்தின் உத்தரங்கள் அனைத்தும் மாற்றிப் புதுப்பிக்கப்பட்டன. தேதி, ஒப்பந்தக்காரர் கையெழுத்து, சபையின் முத்திரை. அந்தத் தேதியிலிருந்து கணக்குப் பார்த்தால் தேக்குக்கு அது ஒரு வயதே இல்லை என்றேன். கைதட்டினார்கள்.

அவர் கைதட்டல் முடியும்வரை காத்திருந்தார்.

"சார், நாலாவதுல கொக்கி மாட்டுன ஓட்டை பக்கவாட்டுல இருக்குது. வெளக்க யாராவது பக்கவாட்டுல தொங்கவிடுவாங்களா? கீழ்ப்பக்கம் அரிச்சதும் பொரட்டிப் போட்டு வண்ணம் அடிச்சிருக்கான். மாத்திட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்."

"பொரட்டிப் போட இது இன்னா தோசையா?" என்று யாரோ கேட்டார்கள். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். செல்வி கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "போய்யா, வேற எங்கியாவது சாவு வூடு இருந்தா பாரு" என்றாள். அவர் தலைவருக்கு மட்டும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் செல்வியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். தேதி ஒரு வியாழக்கிழமை. தலைவர் கூடத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார். நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு மழை. செல்வி ஏணி வைத்துத் தோரணக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையோடு என் கண்ணும் மேலே போனது. நாலாவது உத்தரத்தின் பக்கவாட்டில் ஒரே வரிசையில் மூன்று ஓட்டை. வண்ணத்தால் பாதி அடைந்திருந்தது. பத்து வருடமாக அதன் கீழே உட்கார்ந்து பத்திரிகை படித்திருக்கிறேன்.

மார்க்கெட் பக்கம் போய்ச் சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி வாங்கிக்கொண்டு வந்தேன். செல்வி மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஏணியில் ஏறினேன். முதலில் மூன்றாவது உத்தரம். கம்பி நகக்கண் அளவுகூட நுழையவில்லை. ஐந்தாவதும் அப்படித்தான். நாலாவதில், சுவரை ஒட்டிய இடத்தில், வாழைத்தண்டில் போவதுபோல் போனது. இழுத்தபோது ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

இறங்கி வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அப்போதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம். கம்பிக்காரரே ஏதாவது செய்திருப்பாரோ? மட்டப்பாவில் ஏறித் தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். தென்கைப்பிடிச் சுவர் ஓரம் சுண்ணாம்பு வெடித்து, ஓர் அரசஞ்செடி இடுப்பு உயரத்துக்கு நின்றது. அது வளர எத்தனை மழைக்காலம் ஆகியிருக்கும் என்று எனக்கே கணக்குத் தெரியும். வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சொன்னால் கூடத்தை மூடுவார்கள், செல்விக்குப் போக இடமில்லை, மரம் அவர் கைக்குப் போகும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அந்த உத்தரத்தின் கீழே எழுபது பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் அன்றே கூடத்தைப் பூட்டிவிட்டார். செல்வி என்னைத் தேடி வந்தாள்.

"நீதான மீட்டிங்குல எந்திரிச்சு நல்லா இருக்குதுன்னு படிச்ச? இப்ப நீயே செத்துப்போச்சுங்கற. நடுவுல அந்தாளு உனக்கு இன்னா குடுத்தான் சார்?"

கம்பியைக் காட்டினேன், தூளைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. நிச்சயதார்த்தம் மாப்பிள்ளை வீட்டில், நின்றுகொண்டே சாப்பிடும்படியாக நடந்தது. எனக்குச் சொல்லவில்லை.

பூட்டிய கூடம் திறக்கப்படவில்லை. சபையில் பாதிப் பேருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம் முன்பே இருந்திருக்கிறது. நான் கொடுத்தது ஒரு சாக்கு. 2006 கோடையில் இடித்தார்கள். செல்வி கருவடிக்குப்பத்தில் ஒரு வாடகை அறைக்குப் போய், மீன் விற்க ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

இடிக்கிற அன்று போயிருந்தேன். உத்தரங்களைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கித் தெருவில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். வாங்கியது அவர்தான். நான் ஒவ்வொன்றின் முனையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாலாவதின் தென்முனை புற்றுபோல் உதிர்ந்தது. மற்றப் பத்தும் அறுத்த அன்று இருந்ததுபோல் இருந்தன.

"பத்து நல்லாயிருக்குது" என்றேன்.

"உசுரோட இருக்குது சார்."

"ஒண்ண மட்டும் மாத்தியிருந்தா சால் நின்னிருக்கும்."

"இன்னும் ரெண்டு தலமொற நின்னிருக்கும்."

"இத ஏன் மீட்டிங்குல சொல்லல?"

"நாலாவதுன்னுதான சொன்னேன். மத்ததெல்லாம் எப்படின்னு யாரும் கேக்கலியே சார்" என்றார். குரலில் கேலி இல்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று இரவு நோட்டில் அந்தப் பக்கத்தை மூடும்போது, அவரைப் பற்றி எனக்குப் புரிந்ததையும் ஒரு வரி எழுதினேன்: பொய் சொல்கிறவர் இல்லை, உண்மையை, கேட்ட அளவுக்கு மட்டும், தேக்கு இருக்கிற இடத்தில் மட்டும் சொல்கிறவர். எழுதிவிட்டு அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போகும் இடங்களுக்கு நானும் போனேன். வருடம் சொல்ல ஆள் கிடைத்தது என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அவரைக் கண்காணிக்கப் போனேன்.

2007 பிப்ரவரி, ஞாயிறு, காலை பத்து மணி. ஊர்ப் பெயர் புதுச்சேரி என்று மாறி, பலகைகளில் அங்கங்கே புது எழுத்து வந்திருந்த சமயம். கருவடிக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டுக் கதவைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் வரத் தாமதமானது. எதிரே பொது மீன் கொட்டகை. ஓடு வேய்ந்தது, எட்டுத் தூண், கீழே எட்டுப் பெண்கள் கூடையும் அரிவாள்மணையுமாக. ஒருத்தி செல்வி. என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் ஸ்கூட்டரைக் கொட்டகை நிழலில் நிறுத்தியிருந்தார். சும்மா நிற்கும்போதும் கை சும்மா இருக்காது. பக்கத்துத் தூணின் அடியில், மீன் கழுவிய தண்ணீர் தேங்கும் இடத்தில், கம்பியை வைத்து அழுத்தினார். முழுக் கம்பியும் போனது. வெளியே இழுத்து, வேட்டியில் துடைத்து, பையில் வைத்துக்கொண்டார். அடுத்த தூணையும் பார்த்தார். மேலே ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நிறுத்தினார்.

நான் அவர் பின்னாலேயே போனேன்.

"செத்துப் போச்சா?"

"ரெண்டு தூணு. ஓடு ஒரு பக்கமா சாஞ்சுட்டுது."

"ஏன் சொல்லாம வர்றீங்க?"

"எளம் பனை சார். அடுப்புக்குக்கூட ஆவாது."

நான் எழுதிவைத்த வரி சரிதான் என்று நிரூபணமானது. அதற்காக எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. அடுத்த நொடி, கொட்டகைக்குள் ஓடினேன்.

"செல்வி, எல்லாரும் கொஞ்சம் வெளிய வந்துடுங்க. இந்தத் தூணு சரியில்ல."

செல்வி நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "சொன்னேன்ல, அந்த சாரு இவருதான். இவரு எங்க வந்து மேல பாக்கறாரோ, அங்க நமக்கு எடம் போச்சு."

"யாருக்குப் பேசி முடிச்சிருக்க சார்?" என்றாள் இன்னொருத்தி.

"நான் உண்மையத்தான் சொல்றேன்."

"மீன் வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா நவுரு. யாவாரம் கெடுது."

தூணைக் காட்டினேன், கையால் தள்ளிக் காட்டவும் பயமாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாலையைத் தாண்டி அவரிடம் வந்தேன்.

"நீங்க வந்து சொல்லுங்க."

"சாலுக்கு நான் சொன்னப்ப நீங்க கேட்டீங்களா சார்?"

நான் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் திரும்பி உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நேரே போய்க் கொட்டகை ஓரத்தில், ஓட்டு நிழல் முடிகிற இடத்துக்கு வெளியே நின்று, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

"ஏம்மா! எல்லாம் எந்திரிங்க! இந்த எடத்த நான் பேசி முடிச்சுட்டேன். நாளைக்குக் கொட்டகையப் பிரிக்கறேன்!"

முதலில் எழுந்தது செல்வி. கையெல்லாம் மீன் செதில். "எவன்டா பேசி முடிச்சது? ஒங்கப்பன் ஊட்டு எடமாடா?"

"ஆமா, எங்கப்பன் ஊட்டு எடந்தான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனார். அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். "ஒரு ஊட்ட இடிச்சுப் பத்தலியாடா உனக்கு?" "இங்க வாடா, உன் மரத்த நான் அறுக்கறேன்." ஒருத்தி சட்டையைப் பிடித்தாள், பை கிழிந்தது. அவர் திருப்பித் திட்டிக்கொண்டே பின்னால் போனார், சாலையின் நடுவரைக்கும். ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

அவருடைய கண் சட்டையைப் பிடித்தவள் மேல் இல்லை. உள்ளே இன்னும் ஒரு கிழவி, காது கேட்காதவள், கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக் கையை ஓங்கி, "ஏ ஆயா! உன் கூடையத் தூக்கிக் கால்வாயில போடறேன் பாரு!" என்று சைகையும் காட்டினார். கிழவி கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மண்ணை வாரித் தூற்றியபடி வெயிலுக்கு வந்தாள்.

கொட்டகையில் யாரும் இல்லை. அது அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் ஓடுகூட நகரவில்லை.

"நீதான எல்லாத்தையும் எழுதுவ?" செல்வி என் பக்கம் திரும்பினாள். "எழுது. பொது எடத்த இந்தாளு விக்கப் பாத்தான்னு எழுது. இப்பவே எழுது. நாங்க கையெழுத்துப் போட்டு நாளைக்கே நகராட்சியில குடுக்கறோம்."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். அவர் அருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"எழுதுங்க சார். தூணு ரெண்டு ஆட்டம் குடுக்குது, இவன் அத வச்சுத்தான் மெரட்டினான்னு அதையும் ஒரு வரி சேத்துக்குங்க. இல்லன்னா ஆபீசுலேர்ந்து யாரும் வந்து பாக்க மாட்டாங்க."

"இதுலயும் யோசன சொல்றான் பாரு" என்றாள் செல்வி. ஆனாலும் அந்த வரியைச் சேர்க்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அதைப் படித்துவிட்டுத்தான் மூன்றாம் நாள் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். ஓடுகளை இறக்கி, எட்டுத் தூணையும் மாற்றினார்கள். அதுவரை பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து, கொட்டகையைக் காவல் காத்தார்கள், அவர் வந்து பிரித்துவிடாமல் இருக்க. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே, கிழிந்த சட்டையோடு, எதிர்வீட்டுக் கதவைப் பேசி முடித்துவிட்டார். எதிரே கொட்டகை இடத்தில் தகராறு என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் விலையில் இறங்கி வந்தாராம். இதற்காகத்தான் அதைச் செய்தாரோ என்று அன்று இரவு நினைத்தேன். இன்றைக்கும் சில சமயம் நினைக்கிறேன்.

அன்று நான் எழுதிய மனுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. "பேரு சொல்லுய்யா" என்றாள் செல்வி. அவர் தயங்கவில்லை. தன் பெயரையும் தகப்பன் பெயரையும் தெருவையும் நிதானமாகச் சொன்னார். ஐந்து வருடத்தில் அவர் பெயரை நான் கேட்டது அப்போதுதான்; அதற்கு முன் கேட்கத் தோன்றவே இல்லை. அந்தப் பெயர் இன்றைக்கும் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில், என் கையெழுத்தில், பொது இடத்தை விற்கப் பார்த்தவர் என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேதி சரி, நேரம் சரி, எட்டுப் பேர் சாட்சி. இந்தக் காகிதத்திலும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.